முப்பத்தொரு டெராபைட்

மடிக்கணினித் திரையில் தெரிந்த எண்ணை ரெல்யா மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் அது மாறவில்லை. இதுவரை எழுதப்பட்டது முப்பத்தொரு டெராபைட். தேய்மானம் ஐந்து சதவீதம்.

ஐந்து மாதத்துக்கு முன்பு புதுசு என்று சொல்லி வந்த எஸ்எஸ்டி அது, வீடியோ கேம் கன்சோலுக்குள் செருகும் சேமிப்புச் சில்லு. அவனிடம் இருந்த விளையாட்டுகள் அத்தனையையும் கூட்டினாலும் ஒரு டெராபைட் தேறாது. அப்படியானால் மீதி முப்பது எங்கிருந்து வந்தது?

"பழசை என் தலையில கட்டிட்டான்," என்றான் சத்தமாக.

சமையலறையில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த யாஸ்னா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை துன்யா.

"யாரு?"

"வேற யாரு? என் கூம்."

யாஸ்னா குறடைக் கீழே வைத்தாள். "வாயைக் கழுவு," என்றாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொல்பவன் கூம். பிறகு பிறக்கிற பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்துபவனும் அவனே. கூடப் பிறந்தவனோடு வாய்க்கால் தகராறு வைத்துக்கொள்ளலாம், மாமனாரோடு பத்து வருஷம் பேசாமல் இருக்கலாம், அவர்கள் ஊரான வால்யெவோவில் அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. கூமோடு முறைத்துக்கொண்டான் என்றால் மட்டும் ஊரே அவனை ஒரு மாதிரி பார்க்கும். கூம்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. "கூமே" என்றுதான் கூப்பிடுவார்கள். ரெல்யாவின் கூம் ஒக்னென், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியும் கன்சோலும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் துன்யாவை ஏந்திக்கொண்டு அவன் தேவாலயத்தில் நிற்க வேண்டும்.

ரெல்யாவை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை, அவன் பிழைப்பு அப்படி. நகரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் அளப்பவன். மீட்டரின் மேல் காந்தம் வைத்துச் சக்கரத்தை நிறுத்தியவர்களைப் பிடித்திருக்கிறான். மாதத்தில் பாதி நாள் மீட்டரைத் திருப்பி மாட்டி எண்ணைப் பின்னால் ஓட்டிய ஒரு பள்ளி ஆசிரியரைப் பிடித்திருக்கிறான். பக்கத்து வீட்டு மீட்டரைக் கழற்றித் தன் வீட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மகராசியையும் பிடித்திருக்கிறான். பதினொரு வருஷம் இதையே பார்த்த கண்ணுக்கு, புது மீட்டரில் பழைய ஓட்டம் தெரிந்தால் அர்த்தம் ஒன்றுதான். எங்கேயோ ஓடியதைக் கழற்றி இங்கே மாட்டியிருக்கிறார்கள்.

துன்யா பிறந்த வாரத்தில் ஒக்னென் வந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. குழந்தையின் தலையணைக்கடியில் ஒரு தங்கக் காசை வைத்துவிட்டு, ரெல்யாவின் கையில் ஒரு சின்னப் பெட்டியைத் திணித்தான். "பாப்பாவுக்கு அது, பாப்பா தூங்க விடாத அப்பனுக்கு இது," என்று சிரித்தான். கன்சோலில் இடம் பற்றவில்லை, ஒரு விளையாட்டை ஏற்ற இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கிறது என்று ரெல்யா ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஒக்னெனே மூடியைக் கழற்றி, சூயிங்கம் பட்டை அளவுள்ள அந்த எஸ்எஸ்டியைச் செருகி, ஒற்றைத் திருகாணியை முடுக்கிக் கொடுத்தான். ஆனால் பெட்டியின் முத்திரை முன்பே கிழிந்திருந்தது. "வேலை செய்யுதான்னு கடையிலேயே பாத்துட்டேன், கூமே," என்று சொன்னான்.

அன்றைக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. இன்றைக்கு அதே பேச்சு வேறு மாதிரி கேட்டது.

"வேலை செய்யுதான்னு பாத்தானாம்," என்றான் ரெல்யா. "முப்பது டெராபைட் ஓட்டியா பாக்கறது?"

"அவனையே கேளேன்," என்றாள் யாஸ்னா. "நேரா கேளு. கூமே, இந்த எண் ஏன் இப்படி இருக்குன்னு."

"திருடனைப் பாத்து, நீ திருடினியான்னு கேட்டா ஆமான்னா சொல்லுவான்?"

"நீ பேசறது உன் காதுல விழுதா, ரெல்யா?"

விழவில்லை. சந்தேகம் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் பழைய கணக்கையெல்லாம் கிளறும். மூன்று வருஷம் முன்பு ஒக்னென் பார்த்து வாங்கித் தந்த கார் போன குளிர்காலத்தில் ஏன் மக்கர் பண்ணியது? யாஸ்னாவின் கைப்பேசிக்கு அவன் போட்ட திரை ஏன் லேசாக மஞ்சளடிக்கிறது? கல்யாணத்தன்று மோதிரத்தைச் சட்டைப் பையில் அரைமணி நேரம் தேடினானே, அது நிஜமான தேடல்தானா? இத்தனைக்கும் அந்த மோதிரம் ரெல்யாவின் விரலில்தான் பத்திரமாக இருக்கிறது.

இதில் ரெல்யாவுக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. அந்த எஸ்எஸ்டியை அவன் கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத எழுத அது தேயும், ஓர் அளவைத் தாண்டினால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும் என்று வந்த புதிதிலேயே இணையத்தில் படித்திருந்தான். யாரோ ஒருவன் ஆறு வருஷத்து ஆட்டத்தைப் பறிகொடுத்துவிட்டு அங்கே ஒப்பாரி வைத்திருந்தான். அதைப் படித்ததும் ரெல்யா அன்றே ஓர் ஏற்பாடு செய்தான். விளையாட்டுகளையெல்லாம் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்தான். அதிலிருந்து நேராக விளையாடக் கன்சோல் விடாது. அதனால் வேலையிலிருந்து வந்ததும் அன்றைக்கு வேண்டிய கால்பந்தையும் போர் விளையாட்டையும் எஸ்எஸ்டிக்கு இறக்குவான். சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பவும் பழைய டிஸ்குக்கு அனுப்பி, எஸ்எஸ்டியைத் துடைத்துக் காலியாக வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். குளிர் வருமுன் தோட்டக் குழாயில் தண்ணீரை வடித்து வைக்கிறோமே, அந்த மாதிரி. சும்மா கிடந்தால் தேயாது, ஓய்வெடுக்கும் என்று அவன் கணக்கு. இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தும் ஐந்து சதவீதம் போயிருக்கிறது என்றால், அது வரும்போதே தேய்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலையிடத்தில் மியோட்ராகிடம் பேச்சுக் கொடுத்தான். மியோட்ராக் அவனுடைய மேற்பார்வையாளர். எஸ்எஸ்டியைக் கணினியில் பொருத்திப் பார்க்கும் கூடு அவர் கொடுத்ததுதான்.

"அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். துன்யாவுக்கு நீங்க கூமா நின்னா எப்படி இருக்கும்?"

மியோட்ராக் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "ஏன், உன் கூம் செத்துட்டானா?"

"சேச்சே. நல்லாத்தான் இருக்கான்."

"அப்போ என்கிட்ட ஏன்டா கேக்கற? உயிரோட இருக்கிற கூமைத் தள்ளிட்டு இன்னொருத்தனை நிக்க வைக்கறதா? என் வீட்டுல இந்தப் பேச்சை எடுத்தேன்னா எனக்குச் சோறு கிடைக்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன பண்ணினான் அவன்? பொம்பளை விஷயமா?"

"இல்லண்ணே. எஸ்எஸ்டி."

மியோட்ராக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ரெல்யாவுக்கு அதிலும் சந்தேகம் வந்தது. ஏதாவது தெரிந்துகொண்டுதான் மழுப்புகிறாரோ என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை கன்சோலைப் பையில் போட்டுக்கொண்டு ஒக்னெனின் கடைக்குப் போனான். வழி நெடுக ஒத்திகை பார்த்தான். கோபப்படக் கூடாது. சாதாரணமாகக் கேட்க வேண்டும். அவன் முகம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க வேண்டும்.

"வா வா, கூமே!" ஒக்னென் கையில் தூரிகையோடு எழுந்து வந்து மூன்று தடவை கன்னத்தோடு கன்னம் வைத்தான். "பாப்பா எப்படி இருக்கா? பல்லு முளைக்குதா? உக்காரு, காபி போடறேன். தேவாலயத்துக்கு வெள்ளைத் துணி யாஸ்னா எடுக்கறாளா, நான் எடுக்கணுமா? நான்தான் எடுக்கணும்னு எங்கம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

"அது இருக்கட்டும். நீ குடுத்தியே எஸ்எஸ்டி. அதோட ரசீது இருக்கா?"

ஒக்னெனின் கை காபிக் குடுவை மேல் அப்படியே நின்றது. "ரசீதா?"

"ஒண்ணுமில்ல. உத்தரவாதம் இருக்குல்ல, அதுக்குத்தான்."

"அன்பளிப்பாக் குடுத்ததுக்கு ரசீதா?"

"அஞ்சு சதவீதம் தேஞ்சிருக்கு. முப்பத்தொரு டெராபைட் எழுதியிருக்கு. அஞ்சே மாசத்துல. அதான் கேட்டேன். சும்மாத்தான்."

சும்மா கேட்பவன் முகம் அப்படி இருக்காது. ஒக்னென் பையிலிருந்து கன்சோலை எடுத்தான், எஸ்எஸ்டியைக் கழற்றித் தன் கணினியில் பொருத்தினான். எண்கள் வந்தன. அவற்றை அவன் நிதானமாகப் படித்தான். ஓரிடத்தில் அவன் புருவம் ஏறி இறங்கியது. ரெல்யாவின் பக்கம் திரும்பினான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரெல்யா கைகளைக் கட்டிக்கொண்டு, மீட்டரைத் திருப்பி வைத்த ஆசிரியரைப் பார்த்த அதே பார்வையோடு நின்றுகொண்டிருந்தான். ஒக்னென் வாயை மூடிக்கொண்டான்.

உள்ளே போய் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்தான். முத்திரையை ரெல்யாவிடம் காட்டிவிட்டு அவன் கண்ணெதிரே கத்தியால் கீறினான். புது எஸ்எஸ்டியைக் கணினியில் பொருத்தித் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"பூஜ்யம். பாத்துக்கோ, ரெல்யா."

கன்சோலில் மாட்டினான், திருகாணியை முடுக்கினான், பையில் போட்டு நீட்டினான். பழையதை ஒரு உறையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தான். காபியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கூமான ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தன்னைப் பெயர் சொல்லி அழைத்தது ரெல்யாவுக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் அவன் வருத்தப்பட்டானா என்றால் இல்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் முறைக்கிறான் என்று முடிவு கட்டினான்.

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசல," என்றான் வீட்டுக்கு வந்து. "தப்பு பண்ணாதவன் சண்டைக்கு வந்திருப்பான். கப்சிப்னு புதுசை எடுத்துக் குடுத்துட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

யாஸ்னாவுக்கு அழுகை வந்தது. "அவன்தான் நம்ம குழந்தையைத் தூக்கப் போறான்," என்றாள். "இல்ல, அதுக்கும் ரசீது கேட்டு வாங்கிட்டு வந்தியா?"

ரெல்யா அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் புது எஸ்எஸ்டியை முன்பைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டான். தினமும் இறக்குவது, ஆடுவது, திரும்ப ஏற்றுவது, துடைப்பது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், அதைக் கழற்றிக் கூட்டில் போட்டுப் பார்த்தான். இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எழுதப்பட்டது மூன்று டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது. முத்திரை கிழித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறான். பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அப்படியானால் இந்த வீட்டில் யாரோ பகலில் கன்சோலைப் போடுகிறார்கள்.

"யாஸ்னா, உன் தம்பி இங்க வந்தானா?"

"என் தம்பி கப்பல்ல இருக்கான். உனக்கே தெரியும்."

"அப்போ பகல்ல இதை யார் தொடறது?"

"நான்தான். ஒரு கையில துன்யா, ஒரு கையில துப்பாக்கி. நல்லா சுடறேன்."

அவன் சிரிக்கவில்லை. மின்சாரம் ஓடிய மணிநேரத்தைத் திரையில் தேடினான். முப்பத்திரண்டு மணி. விரல் விட்டுப் பார்த்தான். தினமும் அவன் ஆடும் இரண்டு மணி நேரம், பதினாலு நாள், கொஞ்சம் முன்னே பின்னே. யாரும் தொடவில்லை. வேறு யாரும் தொட்டிருந்தால் மணி கூடியிருக்க வேண்டும்.

"அப்போ எண்ணையே எப்படியோ திருத்தியிருக்கான்," என்றான். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

யாஸ்னா துன்யாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன், திட்டாத. நீ சாப்பிடும்போது தினம் டிவியில ஒரு பச்சைக் கோடு ஓடுதே, அது என்ன?"

"விளையாட்டை இறக்கறேன்."

"எதுல?"

"இதுலதான். எஸ்எஸ்டில."

"நேத்து இறக்கினது என்ன ஆச்சு?"

"திருப்பி அனுப்பிட்டேன். இது தேயக் கூடாதுன்னு."

"இறக்கறதுன்னா இதுல எழுதறதுதானே?"

ரெல்யா மனசுக்குள் கூட்டத் தொடங்கினான். கால்பந்து அறுபது ஜிபி. போர் விளையாட்டு நூற்றைம்பது. இரண்டும் சேர்ந்து இருநூற்றுப் பத்து. பதினாலு நாள். கையருகே கிடந்த மின்கட்டண உறையின் பின்புறம் பெருக்கிப் பார்த்தான். மூன்று டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு நூற்றைம்பது நாளுக்குப் பெருக்கினான். முப்பத்தொன்றும் சொச்சமும் வந்தது.

விளையாடினால் தேய்வதில்லை. அதிலேயே போட்டு வைத்திருந்தால் தேய்வதில்லை. இவன் பத்திரப்படுத்தியதுதான் தேய்த்தது. தண்ணீர்க் கட்டணம் ஏறிவிட்டது, மீட்டர் திருட்டு மீட்டர் என்று கத்துபவர்களிடம், கழிப்பறைத் தொட்டியைத் திறந்து பாருங்கள், ஒழுக்கு உங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று அவன் வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வான். சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கை ரசிப்பதும் உண்டு. இப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"போ," என்றாள் யாஸ்னா. "சட்டையை மாட்டு. இப்பவே போ."

ஒக்னென் கடையில் தனியாக இருந்தான். ஒரு விசிறியிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். ரெல்யா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பழைய டிஸ்க், பச்சைக் கோடு, பெருக்கல் எல்லாம். "தப்பு முழுக்க என்னுதுதான், கூமே. மன்னிச்சுடு," என்று முடித்தான்.

ஒக்னென் தூரிகையை நிறுத்தவில்லை. "தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். யாரோ ஆபீஸ்ல ஓட்டின பழசா இருந்தா, மணிக்கணக்கு ஆயிரக்கணக்குல இருக்கும். அதுல முந்நூத்துச் சொச்சம்தான் இருந்துச்சு. கம்மி நேரம், எக்கச்சக்க எழுத்து. நீ தினம் தினம் எதையோ ஏத்தி இறக்கறேன்னு பாத்த உடனே புரிஞ்சுது. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் சொல்லல?"

ஒக்னென் இப்போதுதான் நிமிர்ந்தான். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல ரெல்யாவுக்கு எவ்வளவோ ஆசை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்குத் தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவனுக்கே நினைவிருந்தது. சொல்லியிருந்தால் அதையும் ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருப்பான்.

"ஏன்னு கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்," என்றான் ஒக்னென். "நீ ஏன்னு கேக்கல." விசிறியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "மியோட்ராக் நல்ல மனுஷன். அவர் கூமா நின்னாலும் குறை வெச்சிருக்க மாட்டார்."

ரெல்யாவின் முகத்தில் ஈயாடவில்லை. வால்யெவோ அவ்வளவு சின்ன ஊர் என்பதை அவன் மறந்துவிட்டிருந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு. வருவியா?"

"வருவேன். கூமா நிக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அப்படியே இருந்தாலும் பாப்பாகிட்ட சொல்ல மாட்டேன். அவ என்ன பண்ணினா?"

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஒக்னென் தேவாலயத்துக்கு வந்துவிட்டான். தேய்த்த சட்டை, புதிதாக வெட்டிய முடி, கையில் அவன் அம்மா எடுத்த வெள்ளைத் துணி. துன்யாவை ஏந்திக்கொண்டு மேற்கே திரும்பி, அவள் சார்பாகச் சாத்தானை மூன்று தடவை மறுத்தான். குரல் தெளிவாக இருந்தது. நீரில் முக்கியபோது அவள் வீறிட்டாள். அவனே துடைத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். இரண்டு நிமிஷத்தில் அவள் அவனுடைய சட்டைக் காலரைச் சப்பத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்து ரெல்யாவுக்குக் கண் கலங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான்.

விருந்திலும் ஒக்னென் குறை வைக்கவில்லை. ஆட்டிறைச்சி சாப்பிட்டான், பன்றிக்கொழுப்பு வறுவலைப் பாராட்டினான், பிளம் சாராயக் கோப்பையை உயர்த்திக் குழந்தையை வாழ்த்தினான். மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் "கூமே, கூமே" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சிரித்துப் பதில் சொன்னான். கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து, கடையில் ஒரு வேலை பாக்கி என்று சொல்லிக் கோட்டை எடுத்துக்கொண்டான்.

ரெல்யா மாடிப்படிவரை கூடவே வந்தான். "கூமே, அடுத்த சனிக்கிழமை வாயேன். முன்ன மாதிரி ரெண்டு ஆட்டம் கால்பந்து போடலாம். உன்னை ஜெயிக்க விடறேன்."

ஒக்னென் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். "விளையாட்டை எல்லாம் எஸ்எஸ்டியிலேயே விட்டுடு," என்றான். "தினம் ஏத்தி இறக்காத. பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"சரி."

"அப்படியும் ஏதாச்சும் கோளாறு வந்துச்சுன்னா கடைக்குக் கொண்டா. ஒம்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் திறந்திருக்கும். சனிக்கிழமை ரெண்டு வரைக்கும்."

படியிறங்கிப் போனான். கேக் வெட்டப் போகிறார்கள் என்று உள்ளேயிருந்து யாரோ ரெல்யாவைக் கூப்பிட்டார்கள். கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.